செங்கம் சாலையில் இருபத்தைந்து கிலோமீட்டர்

என் பணிப்பதிவேட்டின் இரண்டாம் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி உண்டு: நீண்டதூர ஓட்டத்தில் மாநிலத்துக்காகவும் நாட்டுக்காகவும் ஓடியவர் என்ற தகுதியில் நியமிக்கப்பட்டார். அதைப் படிக்கும் ஒவ்வொரு மேலதிகாரியும் தலையைத் தூக்கி என் வயிற்றைப் பார்ப்பார். பிறகு மறுபடியும் அந்த வரியைப் பார்ப்பார். நான் ஓய்வு பெறும்வரை ஒருவர்கூட இதைத் தவறவிட்டதில்லை.

பத்தாயிரம் மீட்டர்தான் என் ஓட்டம். வெளிநாடு போகும் அணிக்கான தேர்வில், இருபத்தைந்து சுற்றுகளில் இருபத்திரண்டாவது சுற்று ஓடும்போது இடது குதிகால் தசைநார் அறுந்தது. அதற்கு முன்பு மூன்று வாரமாக அங்கே வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "வலி மனசுல இருக்குப்பா" என்றார் பயிற்சியாளர். அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர், அது மனசு அல்ல, தசைநார் என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். அன்றோடு ஓட்டத்தின் மீதும், அதைவிட ஓட்டம் சொல்லிக்கொடுப்பவர்கள் மீதும் எனக்கு இருந்த மரியாதை போய்விட்டது. விதிமுறைகளின் பக்கம் வந்தேன். விதிமுறைக்குக் குதிகால் கிடையாது.

எழுபதுகளின் பின்பாதியில் ஜவ்வாது மலையில் ஒரு வனச்சரக அலுவலகத்துக்குத் தலைமை எழுத்தராக மாற்றினார்கள். எனக்கு நாற்பத்து மூன்று வயது. பதின்மூன்று வருடமாகப் பேருந்தைப் பிடிப்பதற்குக்கூட நான் ஓடியதில்லை. ஒடுகத்தூரிலிருந்து மேலே வரும் பேருந்து எப்போதும் தாமதமாக வந்ததால் அதற்கு அவசியமும் நேரவில்லை.

சந்தன மரங்களைக் காக்க அங்கே தற்காலிக வாட்சர்கள் இருந்தார்கள். எல்லாரும் மலைக்காரர்கள். தற்காலிகம் என்றால் சிலருக்குப் பதினேழு வருடம். அந்த வருடம் ஓர் ஆணை வந்தது. பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்த வாட்சர்களை நிரந்தரம் ஆக்கலாம். ஆனால் வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கக் கூடாது. சமதளச் சாலையில் இருபத்தைந்து கிலோமீட்டர் தூரத்தை நான்கு மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். தேறாதவர்களின் சேவை தேவையில்லை. கடைசி வாக்கியத்தை ஆணை எழுதியவர் வேறு பத்தியில் வைத்திருந்தார். அதற்கு ஒரு கனம் கிடைக்கும் என்று நினைத்திருக்கலாம். கிடைத்தது.

எங்கள் சரகத்தில் மூன்று பேருக்கு அந்தத் தகுதி இருந்தது. மூத்தவருக்குக் காகிதத்தில் நாற்பத்து நான்கு. அவருடைய முட்டியைக் கேட்டால் ஐம்பதுக்குக் குறையாது. அடுத்தவர் அவருடைய மச்சான், வாய் மூடாதவர். மூன்றாமவர் அந்த மச்சானுடைய பங்காளி, வாய் திறக்காதவர். தினமும் காட்டுக்குள் ஏறி இறங்கும் கால்கள். இவர்களுக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் பெரிய விஷயமே இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

செங்கம் சாலையில் தேர்வு நடந்தது. மூவரும் ஒன்றாகக் கிளம்பி, ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். நான்கு மணி பதினொரு நிமிடம். மூவரும் தோல்வி.

மறுநாள் காலை என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள். மூவர் காலிலும் புதிய கேன்வாஸ் ஷூ. மூன்றும் ஒரே அளவு. ஒடுகத்தூர்ச் சந்தைக்கு மச்சான் மட்டும் போய்த் தன் காலுக்கு அளவு பார்த்து மூன்று ஜோடி வாங்கி வந்திருக்கிறார்.

"எப்படிய்யா தோத்தீங்க?" என்றேன்.

"இவரு ஷூவுல கல்லு பூந்துச்சுங்க" என்று மச்சான் மூத்தவரைக் காட்டினார். "உக்காந்து எடுத்தாரு. அப்புறம் கயிறு கட்டணும். இவருக்குக் கட்டத் தெரியாது. எனக்கும் தெரியாது. அங்க ஒரு கடலைக் காட்டுல ஒருத்தன் கட்டி வுட்டான்."

"சரி. அவரு ஷூவுலதான கல்லு?"

"ஆமாங்க. அவரு ஷூவுலதான்."

"நீங்க ரெண்டு பேரும் ஏன் நின்னீங்க?"

மச்சான் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. "அவருதான நின்னாரு?" என்றார்.

பிறகுதான் புரிந்தது. மலைப்பாதையில் அவர்கள் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடப்பார்கள். மூத்தவர் முன்னால். ஒருவர் முள் எடுக்க நின்றால் எல்லாரும் நிற்க வேண்டும். முந்த வேண்டுமென்றால் "வழி வுடு" என்று கேட்டு, முன்னால் போகிறவர் ஒதுங்கி நின்ற பிறகுதான் முந்தலாம். கரடி நடமாடும் புதரில் யாரையும் தனியாக விட்டுப் போகக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட பழக்கம். செங்கம் சாலையில் கரடி கிடையாது என்று கால்களுக்கு யாரும் சொல்லவில்லை. வழியில் நின்றதை எல்லாம் கூட்டிப் பார்த்தேன். இருபத்து நான்கு நிமிடம்.

மூத்தவர் மேசைக்கு ஓரடி கிட்ட வந்தார். "எனக்கு இது போச்சுன்னா வேற இல்லீங்க" என்றார். "வேலைக்கு வரும்போது எம் பங்கு நெலத்தத் தம்பிக்கு எழுதிக் குடுத்துட்டேன். இப்ப அவங்காட்டுல போய்க் கூலிக்கு நிக்கணும். அவன் வேணாம்னு சொல்ல மாட்டான். அதான் கஷ்டம்."

ஆணையின் இணைப்பை எடுத்துப் பார்த்தேன். தகுந்த காரணம் இருந்தால் தொண்ணூறு நாட்களுக்குள் ஒரே ஒருமுறை மறுதேர்வு. 'காலணி ஒவ்வாமை' என்று காரணம் எழுதினேன். என் அலுவலக வாழ்க்கையில் நான் எழுதிய சிறந்த இரண்டு சொற்கள் அவை. மறுதேர்வுக்கு நாளும் கொடுத்துவிட்டார்கள். அது முடிந்து பன்னிரண்டாம் நாள் மூத்தவருக்குக் காகிதப்படி நாற்பத்தைந்து முடிகிறது. அவருக்கு இதுதான் கடைசி.

"சார் பெரிய ஓட்டக்காரராமே" என்றார் மச்சான். "ஜீப் டிரைவரு சொன்னாரு. நீங்க சொல்லிக் குடுங்க."

முடியாது என்றுதான் சொல்ல நினைத்தேன். "ஞாயித்துக்கெழம காலைல பள்ளிக்கூட மைதானத்துக்கு வாங்க" என்று சொல்லிவிட்டேன்.

நான் செய்த முதல் காரியம், எனக்குச் செய்யப்பட்டதை எல்லாம் அவர்களுக்குச் செய்தது. பெட்டிக்கடியில் கிடந்த நிறுத்துக்கடிகாரத்தைத் துடைத்தேன். சுண்ணாம்பில் வட்டம் போட்டேன். ஒரு சுற்று வேகமாக, அரைச் சுற்று மெதுவாக. இப்படிப் பன்னிரண்டு முறை. நின்றதில் போனது இருபத்து நான்கு நிமிடம்தான் என்று கணக்குப் போட்டவன் நானே. அவர்களுக்கு வேகம் தேவையே இல்லை. இருந்தாலும் எனக்கு வேகம் மட்டும்தான் சொல்லிக்கொடுக்கத் தெரியும்.

மூன்றாம் வாரத்தில் மூத்தவர் ஒரு சுற்றின் நடுவில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். மற்ற இருவரும் நின்றார்கள்.

"வலிக்குதா?" என்றேன்.

"கொஞ்சம்."

"எத்தன நாளா?"

"பத்து நாளா."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அந்த மைதானத்தில் நின்றபோது, அந்தப் பழைய பயிற்சியாளரின் தொப்பி என் தலையில் இருப்பதுபோல் உணர்ந்தேன். உண்மையில் தொப்பிகூடப் போட்டிருந்தேன்.

மூத்தவரை வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். அவர் மனைவி சாமை புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"வூட்டுக்கு ஒரு கொடம் தண்ணி எடுத்தாரச் சொன்னா முட்டி நோவுதுன்னுவாரு" என்றார். "நீங்க கூப்ட்டா வட்டம் வட்டமா ஓடறாரு. அந்த வட்டத்துக்குள்ள இன்னாங்க இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்க."

"அதான் நானும் பாத்தேன்."

அன்று மாலை ஒரு தாளை எடுத்து, கோப்பில் குறிப்பு எழுதுவதுபோல எழுதினேன். இந்த உடம்புகளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, எது கெட்டால் சீக்கிரம் ஆறாது. இருபது வயதுக் கால் இன்று கிழிந்தால் அடுத்த மாதம் ஓடும். ஐம்பது வயதுக் காலுக்கு மன்னிக்கத் தெரியாது. ஆனால் அதற்கு நடை மறக்காது. வேகம் வேண்டாம். ஒருநாள் உழைத்தால் இரண்டு நாள் சும்மா. கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம் சாதாரண நடை. ஷூ? ஆணையை மறுபடி படித்தேன். சீருடை அணிபவர்களுக்குத்தான் ஷூ கட்டாயம். தற்காலிக வாட்சருக்குச் சீருடை கிடையாது. ஆகவே ஷூவும் கிடையாது. அவர்கள் வழக்கமாகப் போடும் டயர் செருப்பே போதும். விதிமுறை தெரிந்தவனுக்குக் கிடைக்கும் சந்தோஷங்கள் சிறியவை, ஆனால் சுத்தமானவை.

இரண்டு வாரம் மூத்தவர் ஓடவே இல்லை. பிறகு தார்ச்சாலைக்கு இறங்கினோம். ஐந்து நிமிடம் மெல்லோட்டம், ஐந்து நிமிடம் நடை. கடிகாரத்தை மச்சானிடம் கொடுத்துவிட்டேன். அவருக்குப் பேசுவதற்கு ஏதாவது வேண்டுமே. கெண்டைக்கால் தாங்கியது. முட்டிகூட முணுமுணுப்பைக் குறைத்தது.

நிற்கும் விஷயம் மட்டும் தீரவில்லை.

"இங்க பாருங்க" என்றேன் மற்ற இருவரிடமும். "தேர்வன்னிக்கு அவரு நின்னா நீங்க நிக்கக் கூடாது. போய்க்கிட்டே இருக்கணும்."

"அவர வுட்டுட்டா?"

"தேர்வுய்யா அது. ஆளாளுக்குத் தனித்தனி மார்க்கு."

பங்காளி அந்த மூன்று மாதத்தில் முதல்முறையாக வாயைத் திறந்தார். "தேர்வு முடிஞ்சதும் வூட்டுக்கு ஒரே வழிலதான சார் போவணும்?"

இதற்கு ஏதாவது விதி இருக்கிறதா என்று தேடினேன்.

மூத்தவர் முன்னால் போனால் அவர் வேகம்தான் எல்லாருக்கும். அவர் தயங்கினால் மூவரும் தோற்பார்கள். அவரைப் பின்னால் விட்டால் மற்றவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தே தோற்பார்கள். ஆணையின் இணைப்பை நான்காவது முறையாகப் படித்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது. அலுவலகப் பிரதிநிதி ஒருவர் தேர்வு முழுவதும் தேர்வர்களுடன் செல்ல வேண்டும். போன முறை ஒரு வனவர் சைக்கிளில் போயிருந்தார். ஆனால் சைக்கிள் என்று விதியில் இல்லை. பின்னால் செல்ல வேண்டும் என்றும் இல்லை.

மறுதேர்வு நாள் காலை ஆறு மணிக்குச் செங்கம் சாலையில், கால்சட்டையும் டயர் செருப்பும் போட்டுக்கொண்டு நின்றேன். தேர்வு அதிகாரி பதிவேட்டில் இருந்த சிவப்பு வரியைப் படிக்காதவர். இருந்தாலும் என் வயிற்றைப் பார்த்தார்.

"நீங்க எதுக்கு வந்திருக்கீங்க?"

"உடன் செல்ல வேண்டிய பிரதிநிதி நான்தான் சார். நியமன உத்தரவு இதுல இருக்கு."

"ஜீப் இருக்கே. ஏறிக்கங்க."

"உடன் செல்ல வேண்டும்னுதான் சார் இருக்கு. ஜீப்புல போனா முன்னாலயோ பின்னாலயோதான் போக முடியும்."

அவர் உத்தரவை இரண்டுமுறை படித்தார். "ஓடுவீங்களா?" என்றார்.

"பாக்கலாம் சார்."

இதில் ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. நான் மூத்தவரைவிட இளையவன். அவருக்கு முன்னால் நடக்க எனக்கு உரிமை இல்லை. நான் கேட்பதற்கு முன்பே அவர் ஒதுங்கி நின்றார்.

"இன்னிக்கு சாரு முன்னால போவட்டும்" என்றார். "நான் அவரு பின்னால. நீங்க எம் பின்னால."

அவ்வளவுதான். கிளம்பினோம்.

முதல் பத்து கிலோமீட்டர் பனிக்குளிரில் சுலபமாகப் போயிற்று. இருபுறமும் நிலக்கடலைக் காடுகள். ஐந்து நிமிடம் ஓட்டம், ஐந்து நிமிடம் நடை. மச்சான் கடிகாரத்தைப் பார்த்து, திருவிழாவில் அறிவிப்புச் செய்பவரைப்போல நேரம் சொல்லிக்கொண்டு வந்தார். நான் நிற்கவில்லை, ஆகவே யாரும் நிற்கவில்லை. பாதி தூரத்தில் திரும்பும்போது ஆறு நிமிடம் கையில் மிச்சம் இருந்தது. என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. இதெல்லாம் ஆபத்தின் அறிகுறி என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பதினெட்டாம் கிலோமீட்டரைத் தாண்டியதும் இடது குதிகாலில் அந்தப் பழைய இடம் பேச ஆரம்பித்தது. பத்தொன்பதில் சத்தம் போட்டது. அப்போதுதான் நான் செய்துவைத்திருந்த காரியம் எனக்கு முழுதாகப் புரிந்தது. நான் நின்றால் மூவரும் நிற்பார்கள். பதினேழு வருட வேலையும், எழுதிக் கொடுத்த நிலமும் என் குதிகாலில் வந்து உட்கார்ந்திருந்தன. ஏற்பாடு செய்தவன் நான். விதியில் ஓட்டை கண்டுபிடித்தவனும் நான்.

"சார், நொண்டறீங்க" என்று பின்னாலிருந்து மூத்தவரின் குரல் வந்தது.

"இல்ல."

"எங்கண்ணு நல்லாத்தான் இருக்குது. நொண்டறீங்க. எத்தினி நேரமா வலிக்குது?"

இந்தக் கேள்வியை என் வாழ்க்கையில் எந்தப் பயிற்சியாளரும் என்னிடம் கேட்டதில்லை. "ஒரு கிலோமீட்டரா" என்றேன். "நான் ஓரமா நின்னுக்கறேன். நீங்க மூணு பேரும் போங்க. நேரம் இருக்கு."

"அது ஆவாது" என்றார். பிறகு, "சார், வழி வுடுங்க" என்றார்.

நான் ஒதுங்கினேன். அவர் முன்னால் போனார். மச்சானிடம், "நீ பின்னால வா, சாரு நடுவுல வரட்டும்" என்றார். வரிசை மாறியது. அவர் ஓடவில்லை. நடந்தார். மலை ஏறும்போது அவர்கள் நடப்பார்களே, உடம்பு அசையாமல் இடுப்புக்குக் கீழே மட்டும் வேலை செய்யும் அந்த நடை. ஓட்டத்துக்கும் அதற்கும் நிமிடக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதை மூன்று மாதம் கடிகாரம் பிடித்த நான் அன்றுதான் பார்த்தேன். அவர் செருப்புத் தேய்ந்த இடத்தில் என் செருப்பை வைத்து வைத்து நடந்தேன். வலி இருந்தது, கூடவில்லை. அவர் அவ்வப்போது தலையைத் திருப்பாமல், "இருக்கீங்களா?" என்பார். "இருக்கேன்" என்பேன்.

"மூணு மணி அம்பது" என்று பின்னாலிருந்து மச்சான் கத்தினார். "மாமா, ஜீப்பு தெரியுது!"

"எனக்குக் கண்ணு இல்லியா? நீ வாய மூடிக்கினு வா."

மூன்று மணி ஐம்பத்து நான்கு நிமிடம். மூவரும் தேர்ச்சி. தேர்வு அதிகாரி மூன்று பெயர்களையும் எழுதிவிட்டு, சாலையோரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

"உங்க பேர எந்தக் கட்டத்துல எழுதறது?"

"எழுத வேண்டியதில்ல சார். உடன் சென்றவருக்குக் கட்டம் கிடையாது."

மூத்தவர் அங்கே நிற்கவில்லை. எதிர்ப்பக்கம் புளியமரத்தடிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். மச்சான்கூட அவரைக் கூப்பிடவில்லை. திரும்பி வந்தபோது அவர் முகம் கழுவியதுபோல் இருந்தது. அங்கே தண்ணீர் கிடையாது.

"தம்பிகிட்ட இனிமே நல்லா பேசுவேங்க" என்றார் என்னிடம். "மூணு மாசமா அவன் மூஞ்சியப் பாக்கல."

நிரந்தர ஆணை ஏழு வாரம் கழித்து வந்தது. மூன்று படிகளில் ஒன்று எனக்குக் கோப்புக்காக. அதற்குள் எனக்கு வேறு ஒரு தொல்லை ஆரம்பித்திருந்தது. பக்கத்துச் சரகத்திலிருந்து இரண்டு வயதான வாட்சர்கள், அடுத்த தேர்வுக்கென்று வந்து அலுவலக வாசலில் நின்றார்கள். காவலூரிலிருந்து ஒரு கடைக்காரர், சர்க்கரை வியாதிக்கு டாக்டர் ஓடச் சொன்னார் என்று வந்தார். மூத்தவரின் மனைவி தன் தங்கையோடு வந்தார். கேட்டதற்கு, "அந்த வட்டத்த நாங்களும் பாக்கறோம்" என்றார்.

மைதானத்தை ஞாயிறுதோறும் பயன்படுத்த அனுமதி வேண்டுமே. தலைமை ஆசிரியருக்கு முறைப்படி விண்ணப்பம் எழுதினேன். பொருள்: நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் ஓடுவது தொடர்பாக. இப்படி ஒரு பொருளில் விண்ணப்பம் வந்தால் என்ன செய்வது என்று எந்தக் கையேட்டிலும் கிடையாது. ஆகவே இரண்டு மாதம் கிடப்பில் கிடக்கும் என்று கணக்குப் போட்டேன். அன்று மாலையே தலைமை ஆசிரியர் நேரில் வந்தார். விண்ணப்பத்தின் ஓரத்தில் 'அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கீழே சின்னதாக, 'நானும் வரலாமா? வயது 52' என்று இருந்தது.

அந்த முதல் ஞாயிறு காலை எட்டுப் பேர் வந்தார்கள். மூத்தவர் புதிய சீருடையில், விதிப்படி ஷூ போட்டு, கயிற்றை இரண்டு முடிச்சாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். யார் கட்டிவிட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரிடமும் எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதினேன். அதற்கே அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு, "பத்து நிமிஷம் சும்மா நடங்க. அவ்ளோதான் இன்னிக்கு" என்றேன்.

பக்கத்துச் சரகத்து வாட்சர் ஒருவர் மற்றவரைப் பார்த்தார். "இதுக்கா ரெண்டு மல எறங்கி வந்தோம்?"

"ஆமாங்க" என்றேன். "அடுத்த வாரமும் இதுதான். நடங்க."